பட்டியல் வரும்வரை

வட அமெரிக்காவில் பிள்ளைகளின் போட்டி விளையாட்டு, ஆண்டுக்கொருமுறை எல்லோரையும் தொடக்கக் கோட்டுக்கே கொண்டுவந்து நிறுத்துகிறது. போன வருடம் அணியில் ஆடியவனும் இந்த வருடம் புதிதாக வருபவனும், எண் எழுதிய ஒரே மாதிரி மேலுடுப்பை மாட்டிக்கொண்டு இரண்டு மூன்று மாலைகள் ஆடிக் காட்ட வேண்டும். ட்ரையவுட் எனப்படும் இந்தத் தேர்வு அமெரிக்காவின் கால்பந்து (சாக்கர்) கிளப்புகள் பலவற்றில் மே, ஜூன் மாதங்களில் நடக்கிறது. டொராண்டோ வட்டாரத்து ஐஸ் ஹாக்கியில் பனி உருகும் வசந்த காலத்திலேயே அடுத்த பருவத்துக்கான தேர்வு தொடங்கிவிடும். உயர்நிலைப் பள்ளி அணிகளுக்கு, பருவம் தொடங்கும் வாரத்தில். ஓரத்தில் நிற்கும் பயிற்சியாளர்கள் கையில் காகித அட்டை, அதில் எண்களுக்கு நேரே மதிப்பெண்கள். கடைசி மாலை முடிந்ததும் "தகவல் சொல்கிறோம்" என்று அனுப்பிவைப்பார்கள். அந்தத் தகவல் ஒரு இரவில் வரலாம், பத்து நாள் ஆகலாம், வராமலேயும் போகலாம்.

தேர்வைப் பற்றி விளையாட்டு ஆய்வாளர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். யார் தேர்வாகிறார்கள், ஏன், பிறகு எவ்வளவு தூரம் போகிறார்கள் என்பதெல்லாம் அலசப்பட்டிருக்கிறது. தேர்வுக்கும் முடிவுக்கும் இடையில் கிடக்கும் அந்த நாட்கள் அவர்கள் கண்ணில் அதிகம் படவில்லை. ஆகவே அவற்றைப் புரிந்துகொள்ளப் பொருளியலையும் உளவியலையும் சேர்த்துப் படிக்க வேண்டியிருக்கிறது. அப்படிப் படித்ததில் எனக்கு உறுதியாகப்பட்டது ஒன்று. இந்தக் காத்திருப்பு பெரியவர்கள் தங்கள் வசதிக்காகச் செய்துகொண்ட ஓர் ஏற்பாட்டின் விளைவு, அதற்கான விலையைக் கொடுப்பது பதினொரு வயதுப் பிள்ளை.

ஏற்பாட்டை உள்ளே போய்ப் பார்க்கலாம். ஒரு கால்பந்து கிளப்பில் பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் பிரிவில் மூன்று அணிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மேல் அணியில் பதினாறு இடம். கடைசி மாலை முடிந்த இரவே பயிற்சியாளர்கள் கூடி உட்கார்ந்து பதினாறு எண்களை வட்டமிட்டுவிடுவார்கள். அவர்களில் பலரைப் போன பருவத்திலேயே ஆடப் பார்த்திருப்பதால் பெரிய விவாதம் இராது. அந்தப் பதினாறு வீடுகளுக்கும் மின்னஞ்சல் போகிறது: இடம் தருகிறோம், இத்தனை மணி நேரத்துக்குள் சம்மதம் சொல்லி முன்பணம் கட்டுங்கள். 24 மணி, 48 மணி என்று கெடு வைப்பது சாதாரணம். ஆனால் அந்தப் பதினாறில் நாலைந்து பிள்ளைகள் பக்கத்து ஊர் கிளப்பிலும் ஆடிக் காட்டிவிட்டு வந்திருப்பார்கள். அங்கிருந்து என்ன வருகிறது என்று பார்க்காமல் இங்கே பதில் சொல்ல மாட்டார்கள். யாராவது விலகினால்தான் பதினேழாவது பிள்ளைக்கு இடம் வரும்.

இந்தப் பதினேழாவது பிள்ளையின் வீட்டுக்கு என்ன செய்தி போகிறது? எதுவுமே போவதில்லை. "இடமில்லை" என்று சொன்னால் அந்தக் குடும்பம் வேறு கிளப்புக்குப் போய்விடும். "நீ பதினேழாவது, யாராவது விலகினால் கூப்பிடுகிறோம்" என்று உண்மையைச் சொன்னால் மனம் கசந்தும் போகக்கூடும். ஒன்றும் சொல்லாமல் இருந்தால் பிள்ளை கைவசம் இருக்கும். இரண்டாம் அணிப் பட்டியல் முதல் அணி நிரம்பாமல் முடியாது, மூன்றாம் அணிப் பட்டியல் இரண்டாவது நிரம்பாமல் முடியாது. ஆக, யாருக்குத் தன் ஆட்டத்தின் மேல் நம்பிக்கை மிகக் குறைவோ அந்தப் பிள்ளைதான் மிக நீண்ட நாள் காத்திருக்கிறது. நட்சத்திர ஆட்டக்காரிக்கு அன்றிரவே மின்னஞ்சல் வந்துவிடுகிறது.

பிள்ளைகளுக்கு இது தெரியும். பெரியவர்கள் விளக்கிச் சொல்லாவிட்டாலும், தாமதத்தையே அவர்கள் மதிப்பெண்ணாகப் படித்துவிடுகிறார்கள். பள்ளி விட்டுத் திரும்பும் காரில், சிக்னலில் நிற்கும்போது அம்மா கைபேசியை எடுத்து அஞ்சல் பெட்டியை விரலால் இழுத்துப் புதுப்பிக்கிறாள். பின்சீட்டில் இருக்கும் மகள் கேள்வி எதுவும் கேட்பதில்லை. "கோல்கீப்பருக்கு நேத்தே வந்துடுச்சாம்மா" என்கிறாள். பள்ளியில் மதியச் சாப்பாட்டு மேசையில் யார் யாருக்கு வந்தது என்ற கணக்கு எல்லோருக்கும் தெரிந்திருக்கும். மூன்றாவது நாள் ஆனதும், வராத செய்தியே ஒரு செய்தியாகிவிடுகிறது. ஆனால் அதை வைத்துக்கொண்டு அழுது தீர்க்கவும் முடியாது, ஏனென்றால் இன்னும் "இல்லை" என்று யாரும் சொல்லவில்லை.

குடியேறிய குடும்பங்களுக்கு இதில் கூடுதலாக ஒரு சிரமம் உண்டு. அந்த ஊரில் பிறந்து வளர்ந்து, தாங்களும் அதே அரங்கில் சறுக்கிய பெற்றோருக்குப் பயிற்சியாளர் பெரும்பாலும் பழக்கமானவர். ஒரு குறுஞ்செய்தியில் நிலவரம் தெரிந்துவிடும், இன்னொரு கிளப்பில் எந்த நாளில் போய் நிற்க வேண்டும் என்பதும் தெரியும். டொராண்டோ வட்டாரத்தின் ஸ்கார்பரோவிலோ மார்க்கமிலோ முதல் தலைமுறையாகப் பிள்ளையை ஐஸ் ஹாக்கிக்குச் சேர்த்த தமிழ்த் தகப்பன், "தகவல் சொல்கிறோம்" என்றால் சொல்வார்கள் என்று நம்பிக் காத்திருப்பார். கேட்பது மரியாதைக் குறைவு என்றுகூட நினைப்பார். எழுதி வைக்கப்படாத விதிகள் இருக்குமிடத்தில் எல்லாம், அவற்றை அறியாதவர்தான் அதிகம் காத்திருக்கிறார்.

இதே நோய் வேறோர் உடம்பில் ஏற்கெனவே வந்து, கண்டறியப்பட்டு, பெரும்பாலும் தீர்க்கவும்பட்டிருக்கிறது. 1940களின் அமெரிக்காவில் மருத்துவ மாணவர்களைப் பயிற்சி மருத்துவர்களாகச் சேர்த்துக்கொள்ள மருத்துவமனைகள் போட்டி போட்டன. ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு, படிப்பு முடிய இரண்டு ஆண்டு இருக்கும்போதே மாணவர்களை வளைத்துப் போடத் தொடங்கின. இதைத் தடுக்க, குறிப்பிட்ட தேதிக்கு முன் மாணவர்களின் மதிப்பெண், பரிந்துரை எதையும் வெளியிடுவதில்லை என்று 1945இல் மருத்துவக் கல்லூரிகள் கூடி முடிவெடுத்தன. அவசரம் அடங்கியது, அதன் இடத்தில் காத்திருப்பு முளைத்தது. மூன்றாம் விருப்பமான மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்த மாணவன், முதல் விருப்பத்தின் காத்திருப்புப் பட்டியலில் தன் பெயர் நகருமா என்று பார்த்துக்கொண்டு பதிலைத் தள்ளிப்போட்டான். மருத்துவமனைகளோ உடனே பதில் கேட்டன. 1945இல் யோசிக்கப் பத்து நாள் தரப்பட்டது. அந்தக் கெடு ஆண்டுக்கு ஆண்டு சுருங்கி, 1949இல் ஒரு யோசனை முன்வைக்கப்பட்டது: நள்ளிரவு 12.01க்குத் தந்தி அனுப்பலாம், மாணவன் நண்பகலுக்குள் பதில் சொன்னால் போதும். அந்தப் பன்னிரண்டு மணி நேரமே மிக அதிகம் என்று மருத்துவமனைகளின் சங்கம் மறுத்துவிட்டது.

கடைசியில் 1952இல் எல்லோரும் ஒரு மையத்துக்கு வந்து சேர்ந்தார்கள். மாணவர்கள் தங்கள் விருப்ப வரிசையையும் மருத்துவமனைகள் தங்களுடையதையும் அங்கே கொடுத்துவிட வேண்டும், பொருத்தம் பார்த்து எல்லோருக்கும் ஒரே நாளில் முடிவு. பத்தாண்டு கழித்து, 1962இல், டேவிட் கேல், லாய்ட் ஷேப்லி என்ற இரு கணிதர்கள் இத்தகைய பொருத்தங்களுக்கான கோட்பாட்டை எழுதினார்கள். மருத்துவர்கள் நடைமுறையில் தட்டுத்தடுமாறிக் கண்டுபிடித்த முறையும் கணிதர்கள் தாளில் கண்ட முறையும் அடிப்படையில் ஒன்றுதான் என்று 1984இல் காட்டியவர் ஆல்வின் ராத். ஷேப்லிக்கும் ராத்துக்கும் 2012இல் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது. தமிழ்நாட்டில் பொறியியல் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வைப் பார்த்தவர்களுக்கு இதன் அடிப்படை யோசனை அந்நியமாக இருக்காது. ஆளாளுக்குத் தனித்தனியே பேரம் பேசுவதை நிறுத்தி, எல்லா விருப்பங்களையும் ஓரிடத்துக்குக் கொண்டுவந்தால் ஒளிவுமறைவும் பதற்றமும் பெருமளவு குறைகின்றன.

பத்து வயதுப் பிள்ளைகளின் கால்பந்துக்குக் கணினி வைத்துப் பொருத்தம் பார்க்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்த அனுபவத்திலிருந்து இரண்டே விஷயங்களை எடுத்துக்கொண்டால் போதும். ஒரு வட்டாரத்துக் கிளப்புகள் எல்லாம் ஒரே நாளில் முடிவு சொல்லலாம். எல்லாக் குடும்பங்களும் பதில் சொல்ல ஒரே கெடு வைக்கலாம். சில மாநிலக் கால்பந்து அமைப்புகள் இன்ன தேதிக்கு முன் தேர்வு நடத்தக் கூடாது, இடம் தரக் கூடாது என்று விதி வைத்திருக்கின்றன. அது பாதி வேலை. பதில் கெடுவையும் பொதுவாக்கினால்தான் பதினேழாவது பிள்ளையை மௌனத்தில் நிறுத்திவைக்கும் காரணம் மறையும்.

*

நிச்சயமின்மை உடம்பை என்ன செய்கிறது என்பதை லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் நரம்பியல் ஆய்வாளர்கள் 2016இல் ஒரு சோதனையில் அளந்து காட்டினார்கள். 45 தன்னார்வலர்கள் ஒரு கணினி விளையாட்டு ஆடினார்கள். திரையில் கற்கள், கல்லைப் புரட்டினால் அடியில் பாம்பு இருக்கலாம், இருந்தால் கையில் வலிக்கும்படி மின் அதிர்ச்சி. வியர்வையும் கண்மணி விரிவும் அளக்கப்பட்டன. அதிர்ச்சி நிச்சயம் என்று தெரிந்தபோது இருந்ததைவிட, ஐம்பதுக்கு ஐம்பது என்ற நிலையில் மன அழுத்தம் அதிகமாக இருந்தது. பட்டியலின் தலையில் இருப்பவருக்கும் வாலில் இருப்பவருக்கும் முடிவு ஓரளவு தெரிந்ததுதான். நடுவில், கோட்டுக்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்று தொங்குபவர்தான் இந்தப் பாதிக்குப் பாதி இடத்தில் நிற்கிறார்.

காத்திருப்பையே தன் ஆய்வுத் துறையாக எடுத்துக்கொண்டவர் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத்து உளவியலாளர் கேட் ஸ்வீனி. கலிஃபோர்னியாவில் வழக்கறிஞராவதற்கான தேர்வை ஜூலையில் எழுதியவர்கள் முடிவுக்கு நவம்பர்வரை, ஏறத்தாழ நான்கு மாதம், காத்திருக்க வேண்டியிருந்தது. அவர்களைத் தொடர்ந்து கவனித்து ஸ்வீனி குழுவினர் 2016இல் எழுதிய கட்டுரை, ஆறுதல் சொல்ல விரும்பும் பெற்றோர் எல்லோரும் அறிய வேண்டியது. நல்லதே நடக்கும் என்று நினைத்துக்கொள்வது, மோசமானதற்கு மனதைத் தயார்ப்படுத்திக்கொள்வது, அதைப் பற்றி நினைக்காமலேயே இருக்கப் பார்ப்பது என்று மனிதர்கள் கையாளும் உத்திகள் எதுவும் வேதனையைப் பெரிதாகக் குறைக்கவில்லை. இன்னும் வியப்பானது, பதற்றத்தோடு காத்திருந்தவர்கள்தான் முடிவு வந்தபோது அதை நன்றாக எதிர்கொண்டார்கள். கெட்ட செய்தி அவர்களை அவ்வளவாக நிலைகுலைக்கவில்லை, நல்ல செய்தி அதிக மகிழ்ச்சி தந்தது. கவலை காத்திருப்பின் தொடக்கத்திலும் இறுதியிலும் உச்சத்தில் இருக்கும், நடுவில் தணிந்திருக்கும் என்பதும் இவ்வகை ஆய்வுகளில் தெரியவந்திருக்கிறது. ஆகவே "கவலைப்படாதே" என்று பிள்ளையிடம் திரும்பத் திரும்பச் சொல்வதில் பயனில்லை. கவலைப்படுவது அதன் உரிமை, அதனால் கெடுதலும் இல்லை.

உதவுவது ஒன்று உண்டு. 2019இல் வெளியான இன்னொரு ஆய்வில், தன்னை மறந்து ஒரு செயலில் ஆழ்ந்திருக்கும் நேரங்கள் வாய்த்தவர்களுக்குக் காத்திருப்பு இலகுவாகக் கழிந்தது என்று அதே குழு கண்டது. ஓரளவு சவாலாக இருந்து, முன்னேற்றமும் கண்ணுக்குத் தெரிகிற எந்த வேலையும் இதற்குப் பொருந்தும். ஒரு பிள்ளைக்கு அப்படி ஆழ்ந்துபோகக் கிடைத்த இடம் பெரும்பாலும் அந்த விளையாட்டேதான். பட்டியல் வரும்வரை பந்தைத் தொட மனமில்லாமல் பை மூலையில் கிடக்கும். அந்தப் பையை எடுத்துக்கொண்டு, எண்ணும் அட்டையும் இல்லாத ஒரு திடலுக்குப் பிள்ளையோடு போய் ஒரு மணி நேரம் ஆடிவிட்டு வருவதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியவில்லை.

வரிசையில் நிற்பவர்களின் மனநிலை பற்றி டேவிட் மைஸ்டர் 1985இல் எழுதியது மேலாண்மைப் படிப்பில் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பு தெரிந்ததைவிட நீளமாகத் தோன்றும், காரணம் சொல்லப்படாத காத்திருப்பு சொல்லப்பட்டதைவிட நீளமாகத் தோன்றும் என்றார். வங்கியும் விமான நிறுவனமும் வாடிக்கையாளருக்காக இதைக் கற்றுக்கொண்டன. "வியாழன் மாலை ஏழு மணிக்குள் சொல்வோம், அதுவரை தாமதமாவதற்குக் காரணம் மற்ற குடும்பங்களின் பதில் வர வேண்டியிருப்பதுதான்" என்ற இரண்டு வரியைப் பிள்ளைகளுக்கு எழுதப் பல கிளப்புகள் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

*

இவ்வளவு வேதனையோடு காத்திருந்து பெறுகிற தீர்ப்பு எவ்வளவு நம்பத்தக்கது? இந்தக் கேள்விக்கு ஆய்வுலகம் தெளிவாகவே பதில் சொல்லியிருக்கிறது, அந்தப் பதில் மைதானத்துக்கு வந்து சேரவில்லை.

1980களின் தொடக்கத்தில் கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்து லெத்பிரிட்ஜ் நகரில், பவுலா பார்ன்ஸ்லி என்பவர் கணவரோடும் பிள்ளைகளோடும் ஜூனியர் ஹாக்கி ஆட்டம் ஒன்றைப் பார்க்கப் போயிருந்தார். ஆட்டக்காரர் விவரம் அச்சிட்ட நிகழ்ச்சிப் புத்தகத்தைப் புரட்டியபோது, பிறந்த தேதிகளில் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் என்று திரும்பத் திரும்ப வருவது அவர் கண்ணில் பட்டது. கணவர் ரோஜர் பார்ன்ஸ்லி உளவியலாளர். மற்ற அணிகளின் பட்டியல்களையும் திரட்டிப் பார்த்தார், எங்கும் அதே கதை. 1985இல் அவர் சகாக்களோடு வெளியிட்ட கட்டுரையும், அதே காலத்தில் கியூபெக் ஆய்வாளர்கள் செய்த வேலையும் ஒரு துறையையே தொடங்கிவைத்தன. 2008இல் மால்கம் கிளாட்வெல் தன் ‘அவுட்லையர்ஸ்’ நூலில் சொன்ன பிறகு இது பரவலாகத் தெரியவந்தது. கனடிய ஹாக்கியில் வயதுப் பிரிவு ஜனவரி 1ஆம் தேதியில் வெட்டப்படுகிறது. ஜனவரி 2 அன்று பிறந்தவனும் டிசம்பர் 30 அன்று பிறந்தவனும் ஒரே பிரிவு. பத்து வயதில் அந்த ஓராண்டு என்பது வாழ்நாளில் பத்தில் ஒரு பங்கு. பயிற்சியாளர் கண்ணுக்குத் திறமையாகத் தெரிவதில் கணிசமான பங்கு வெறும் வளர்ச்சி. தேர்வானவனுக்கு நல்ல பயிற்சியும் அதிக ஆட்டமும் கிடைக்கின்றன, சில ஆண்டில் அவன் உண்மையிலேயே திறமைசாலியாகிவிடுகிறான். தீர்ப்பு தன்னைத்தானே மெய்ப்பித்துக்கொள்கிறது.

வெட்டும் தேதி ஒன்றும் இயற்கை விதி இல்லை. அமெரிக்க இளையோர் கால்பந்து 2017 பருவத்தோடு ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான கணக்குக்கு மாறியது. இப்போது 2026–27 பருவம் முதல் ஆகஸ்ட் 1 தொடக்கம் ஜூலை 31 முடிய என்று மறுபடி மாறுகிறது. நவம்பரில் பிறந்து, அணியிலேயே இளையவளாக முட்டிமோதிக்கொண்டிருந்த சிறுமி ஒரே பருவ மாற்றத்தில் மூத்தவர்கள் பக்கம் போய்விடுவாள். அவள் கால்கள் மாறவில்லை, பெரியவர்கள் கூட்டத்தில் ஒரு தேதி மாறியது.

பயிற்சியாளர்களுக்கு இதை எடுத்துச் சொன்னால் சரியாகிவிடாதா? நெதர்லாந்தில் டேவிட் மான், வான் கினெகன் ஆகியோர் 2017இல் வெளியிட்ட சோதனை இதைத்தான் பார்த்தது. திறமை தேடும் நிபுணர்களுக்கு இளையோர் ஆட்டம் ஒன்றைக் காட்டி ஆட்டக்காரர்களை மதிப்பிடச் சொன்னார்கள். வயது பற்றி எதுவும் சொல்லப்படாதவர்கள் வழக்கம்போல மூத்த பிள்ளைகளின் பக்கம் சாய்ந்தார்கள். பிறந்த தேதிகளைக் காகிதத்தில் கொடுத்தபோதும் சாய்வு போகவில்லை. பிறகு சட்டை எண்களையே வயது வரிசையில் கொடுத்தார்கள். பார்க்கிற ஒவ்வொரு கணமும் யார் மூத்தவர், யார் இளையவர் என்பது கண்ணெதிரே ஓடியது, அப்போது சாய்வு மறைந்தது. அறிவு காகிதத்தில் இருந்தால் போதவில்லை, பார்வை விழும் இடத்திலேயே இருக்க வேண்டியிருந்தது. எந்தச் செலவும் இல்லாத மாற்றம் இது. ட்ரையவுட்டில் எப்படியும் எண் கொடுக்கத்தான் போகிறார்கள். அதைப் பதிவு செய்த வரிசையில் கொடுப்பதற்குப் பதில் பிறந்த வரிசையில் கொடுக்கலாம்.

தவறிய தீர்ப்புகளின் தடம் தொழில்முறை ஆட்டம்வரை நீள்கிறது. 1980 முதல் 2007 வரை வட அமெரிக்கத் தொழில்முறை ஹாக்கி லீகான என்ஹெச்எல் அணிகள் தேர்ந்தெடுத்த கனடிய இளைஞர்களை ராபர்ட் டீனரும் சகாக்களும் 2013இல் ஆராய்ந்தார்கள். தேர்வு வரிசையில் ஒரே இடத்தில் எடுக்கப்பட்டவர்களை ஒப்பிட்டால், ஆண்டின் பிற்பாதியில் பிறந்தவர்கள் 400 ஆட்டங்கள், 200 புள்ளிகள் போன்ற மைல்கற்களைத் தொடும் வாய்ப்பு முதல் மூன்று மாதங்களில் பிறந்தவர்களைவிட ஏறத்தாழ இருமடங்காக இருந்தது. பதினெட்டு வயதிலும் தொழில்முறை நிபுணர்கள் இளையவர்களைக் குறைத்தே மதிப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆர்னே கூலிஷ், புரூக் மக்னமாரா, டேவிட் ஹாம்ப்ரிக் ஆகியோர் 6,000க்கும் மேற்பட்ட விளையாட்டு வீரர்களைப் பற்றிய 51 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, உலகத் தரத்தை எட்டியவர்கள் சிறுவயதில் பல விளையாட்டுகளை ஆடியவர்கள், தங்கள் முதன்மை விளையாட்டைத் தாமதமாகத் தொடங்கியவர்கள், ஆரம்பத்தில் மெதுவாக முன்னேறியவர்கள் என்று தெரிந்தது. பத்து வயதில் முந்தி ஓடுவதும் இருபத்தைந்து வயதில் முந்தி ஓடுவதும் வேறு வேறு விஷயங்கள்.

தேர்வில் தவறிய பிள்ளைகளுக்கு மைக்கேல் ஜோர்டன் கதையைச் சொல்வது அமெரிக்க வழக்கம். 1978இல் வட கரோலினாவின் வில்மிங்டன் நகரில், லேனி உயர்நிலைப் பள்ளிக் கூடைப்பந்து அணிப் பட்டியலில் பதினைந்து வயது ஜோர்டனின் பெயர் இல்லை, வீட்டுக்குப் போய் அழுதார், பிறகு உலகையே வென்றார். நடந்தது சற்று வேறு. அவரை வெளியே அனுப்பவில்லை, பள்ளியின் ஜூனியர் அணியில் வைத்தார்கள், அங்கே அவர் நிறைய ஆடினார். மூத்த அணிக்கு உயரம் தேவைப்பட்டதால் அவர் வகுப்புத் தோழரான லெராய் ஸ்மித்தை எடுத்தார்கள், ஸ்மித் ஆறடி ஏழங்குலம். எனக்கு இந்தக் கதையில் முக்கியமாகப்படுவது ஜூனியர் அணிதான். அந்த அணி இருந்ததால்தான் பட்டியலில் பெயர் வராத பையன் தினமும் பந்தோடு இருந்தான். இன்று கிளப்பில் இடம் கிடைக்காத பிள்ளைக்கு அப்படி ஆட ஓரிடம் இருக்கிறதா என்று கேட்காமல், மன உறுதி பற்றிய பாடமாக மட்டும் இந்தக் கதையைச் சொல்வது பிள்ளைகளுக்குச் செய்யும் அநீதி.

*

செய்தி வந்த பிறகு என்ன நடக்கிறது என்பதும் காத்திருப்பின் கதையில் சேர்த்திதான். இங்கிலாந்தின் கால்பந்து அகாடமிகளில் இருந்து விடுவிக்கப்பட்ட பதின்வயதினரை டேவிட் பிளேக்லாக் குழுவினர் பின்தொடர்ந்தார்கள். 2016இல் வெளியான அவர்கள் ஆய்வில், செய்தி கேட்டு மூன்று வாரம் ஆன பின்பும் பாதிக்கு மேற்பட்டோர் மருத்துவ கவனம் தேவைப்படும் அளவு மன வேதனையில் இருந்தார்கள். அகாடமிப் பிள்ளைகள் பல ஆண்டுகளைக் கொடுத்தவர்கள், ஊர் கிளப்பின் மூன்று மாலை ட்ரையவுட்டோடு அதை அப்படியே ஒப்பிட முடியாது. ஆனாலும் பதினான்கு வயதில் நண்பர் கூட்டம், வார இறுதி, "நான் யார்" என்ற பதில் எல்லாம் ஓர் அணியோடு பின்னிக் கிடக்கும்போது, அந்த அணி போவது ஒரு பொழுதுபோக்கு போவதாக இராது.

ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தின் காசிடி நீலி, நிக் ஹோல்ட் முதலானோர், அணியில் இடம் கிடைக்காத பெண் பிள்ளைகளிடமும் அவர்கள் பெற்றோரிடமும் பயிற்சியாளர்களிடமும் தனித்தனியே பேசிச் சில கட்டுரைகள் எழுதியிருக்கிறார்கள். 2017இல் வந்த ஒன்றில் அவர்கள் கண்டது, இந்தத் துக்கத்தைக் குடும்பம் கூட்டாகச் சுமக்கிறது என்பது. முதலில் பெற்றோர் முன்நிற்கிறார்கள், தேற்றுகிறார்கள், வேறு வழிகளைத் தேடுகிறார்கள். வயது ஏற ஏறப் பிள்ளை தானே அதைக் கையாள விரும்புகிறது, பெற்றோர் பின்னால் நகர வேண்டியிருக்கிறது. ஆனால் பெற்றோருக்கும் உள்ளே காயம் இருக்கிறது, அதை மறைத்துக்கொண்டுதான் தேற்றுகிறார்கள். அதில் பணமும் கலந்திருப்பதை மறுக்க முடியாது. ஒரு பிள்ளையின் முதன்மை விளையாட்டுக்கு அமெரிக்கக் குடும்பம் 2024இல் சராசரியாக 1,016 டாலர் செலவிட்டதாக ஆஸ்பென் இன்ஸ்டிடியூட்டின் கணக்கெடுப்பு சொல்கிறது, ஐந்தாண்டில் 46 சதவீத உயர்வு. இவ்வளவு போட்ட பிறகு மின்னஞ்சலுக்காகக் காத்திருக்கும் தகப்பனின் முகத்தைப் பிள்ளை படிக்காமலிருக்காது.

வேறு வழியே இல்லையா என்று கேட்பவர்கள் நார்வேயைப் பார்க்கலாம். அந்நாட்டு விளையாட்டுக் கூட்டமைப்பு 1987 முதல் பிள்ளைகளின் விளையாட்டுக்கென்று விதிகள் வைத்திருக்கிறது. 2007இல் அவற்றைப் பிள்ளைகளின் உரிமைகள் என்றே விரிவாக்கியது. பதினோரு வயதாகும் ஆண்டுக்கு முன் முடிவு அட்டவணைகளோ தரவரிசைகளோ வெளியிடக் கூடாது, பதின்மூன்று வயதாகும் ஆண்டுக்கு முன் தேசிய சாம்பியன்ஷிப் கிடையாது. ஏறத்தாழ 55 லட்சம் பேர் வாழும் அந்த நாடு 2018 குளிர்கால ஒலிம்பிக்கில் 39 பதக்கங்களும், 2022இல் 16 தங்கத்தோடு 37 பதக்கங்களும் எடுத்து முதலிடத்தில் இருந்தது. பனியும் எண்ணெய்ப் பணமும் அந்நாட்டுக்கு உண்டு என்பதால், பதக்கங்களுக்கு இந்த விதிகளே காரணம் என்று சொல்லிவிட முடியாது. பிள்ளைகளைச் சீக்கிரமே சலித்தெடுக்காவிட்டால் நாடு பின்தங்கிவிடும் என்ற வாதத்துக்கு மட்டும் அங்கே இடமில்லை.

வட அமெரிக்கா நாளையே நார்வேயாகிவிடாது. கிளப்புகளுக்கு இது வருமானம், பெற்றோருக்குக் கல்லூரி உதவித்தொகைக் கனவு. ஆனால் இருக்கிற ஏற்பாட்டுக்குள்ளேயே செய்யக்கூடியவை இருக்கின்றன. 2016இல் வெளியான கட்டுரை ஒன்றுக்காக ஆல்பர்ட்டா ஆய்வாளர்களிடம் பேசிய பயிற்சியாளர்கள், பிள்ளைகளை அணியிலிருந்து விலக்கும் வேலையை ட்ரையவுட்டுக்கு முந்தைய கூட்டத்திலிருந்தே தொடங்குவதாகச் சொன்னார்கள். எதைப் பார்ப்போம், முடிவு எப்படிச் சொல்லப்படும் என்பதைப் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் முன்கூட்டியே விளக்குகிறார்கள். முடிவை நேரில், தனியே உட்காரவைத்துச் சொல்வதும் அவர்களிடம் மதிப்புப் பெற்றிருந்தது, அது தங்களுக்கே கடினமாக இருந்தாலும். கதவில் ஒட்டிய காகிதமும் கூட்டஞ்சலும் பயிற்சியாளரைக் காப்பாற்றும். நேரில் சொல்லும்போதுதான், எது குறைந்தது, எது நன்றாக இருந்தது, அடுத்து எங்கே போய் ஆடலாம் என்பதைப் பிள்ளையிடம் சொல்ல முடியும்.

நாற்பது பிள்ளைகள் வந்த ட்ரையவுட்டில் இருபத்து நாலு பேருக்கு இடமில்லை என்றால், ஆளுக்குப் பத்து நிமிடம் என்று வைத்தால் மொத்தம் நாலு மணி நேரம். இரண்டு பயிற்சியாளர்கள் பிரித்துக்கொண்டால் ஒரே மாலையில் முடியும். அந்த மாலை எது என்பதை விண்ணப்பப் படிவத்திலேயே அச்சிடலாம். பதினேழாவது பிள்ளையிடம் அவள் பதினேழாவது என்பதையும், எத்தனை பேரின் பதில் வர வேண்டியிருக்கிறது என்பதையும், எந்த நாளுக்குப் பிறகு காத்திருக்க வேண்டாம் என்பதையும் அங்கேயே சொல்லிவிடலாம். பயிற்சியாளரின் அந்த இரண்டு மணி நேரத்துக்குச் சம்பளம் வேண்டும் என்று கிளப் கருதினால், ஒவ்வொரு குடும்பமும் எப்படியும் கட்டுகிற ட்ரையவுட் கட்டணத்தில் அதைச் சேர்த்து வாங்கிக்கொள்ளட்டும்.